இருபத்தேழு டிகிரிப் பாட்டு

நெமிலிச்சேரி ஸ்டேஷனை ஒட்டிய புதரில் பிடித்த பச்சை வெட்டுக்கிளியும் ஆவடி குவார்ட்டர்ஸ் வேலியில் பிடித்ததும் ஒரே இனம். ஆவடி ஆணுக்கு மட்டும் வால் நுனிக் கொக்கியில் பல் கொஞ்சம் குட்டை. அது போதாது. சிறகை உரசிப் பாடும் பாட்டும் வேறாக இருந்தால்தான் தனித் துணையினம் என்று அடித்துச் சொல்ல முடியும். கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டே அப்படி ஒன்றைச் சொல்ல எட்டு வருடம் காத்திருந்தேன்.

நெமிலிச்சேரிப் பாட்டைப் புதரடியிலேயே பதிந்துவிட்டேன். ஆவடிப் பூச்சிகள் கைக்கு வந்தபோது என் கணவர் படுத்த படுக்கையாகிவிட்டார். அவரை விட்டு நகர முடியாததால் முகப்பேர் ஃப்ளாட்டில் அவர் அறையிலேயே கூண்டுகளை வைத்தேன். முதுகுப் புண்ணில் வியர்வை படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏசி நாள் முழுக்க ஓடியது.

“குளுருதும்மா. அத்த நிறுத்தேன்,” என்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் லேத் ஓட்டியவர், எதற்கும் முனகாத மனிதர்.

“இருபத்தேழுதாங்க வச்சிருக்கேன். இருபத்தேழுல யாருக்காவது குளிருமா?” என்று ரிமோட்டை முகத்துக்கு நேரே காட்டுவேன். போர்வையை இழுத்துவிட்டு ரெக்கார்டரை அழுத்துவேன்.

ஆவடிப் பாட்டு இழுத்து இழுத்து, மெதுவாக வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே நோட்டில் இருபத்தேழு என்று எழுதினேன்.

அவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் மிச்சமிருந்த கூண்டைப் பால்கனிக்கு மாற்றினேன். சாயங்காலம் அந்த ஒற்றைப் பூச்சி படபடவென்று பாடியது. அச்சு அசல் நெமிலிச்சேரிப் பாட்டு.

குளிரில் பூச்சி மெதுவாகப் பாடும். பதியும்போது கூண்டுக்குள் தெர்மாமீட்டர் வை என்று நான் கத்தாத வகுப்பு கிடையாது. நானோ ரிமோட்டைப் பார்த்து எழுதியிருந்தேன்.

ஏசியை இருபத்தேழில் ஓடவிட்டு, அவர் கட்டிலில் தெர்மாமீட்டரை வைத்தேன். ஒரு மணி நேரத்தில் பதினெட்டுக்கு இறங்கியது. மண்ணூர்பேட்டையிலிருந்து வந்த மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்தான்.

“சென்சார் பூட்சிக்கா. நீங்க இன்னா நம்பர் வெச்சாலும் நிக்காம ஓடிகினேதான் இருந்திருக்கும்.”

துணையினம் போயிற்று. முதலில் அந்த எட்டு வருடத்துக்காகத்தான் வருத்தப்பட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அழுகை வரவில்லை, இன்றுவரை.

நோட்டை எடுத்து இருபத்தேழை அடித்துப் பதினெட்டு என்று திருத்தினேன். நாற்பத்தோரு இடம். அவற்றில் ஒன்பது பதிவுகளுக்கு எதிரே ‘இடையில் பேச்சுச் சத்தம், நீக்கவும்’ என்று என் கையெழுத்தில் இருந்தது. அந்தப் பேச்சைப் பதிந்த அன்றே வெட்டி அழித்துவிட்டேன். என்ன பேசினார் என்று கேட்டுப் பார்க்க வேண்டியதில்லை. குளிருது என்றுதான்.