ஃபைட்டரோடு எந்த மீனை விடலாம்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையின் முனையில் அந்த மீன்கடை இருந்தது. சாப்பிடுகிற மீன் அல்ல, தொட்டியில் வளர்க்கிற மீன். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்த நான், யுத்தத்தில் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு முப்பது வயது. முதலாளி கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். தமிழைப் போலவே சிங்களமும் சரளமாகக் கதைப்பார். எனக்குச் சிங்களம் சரியாக வராது. அதனால் வருகிற ஆட்களை அவர் பார்த்துக்கொண்டார், மீன்களை நான் பார்த்துக்கொண்டேன்.

கடையில் எல்லோரும் கேட்டு வந்தது ஃபைட்டர் மீனைத்தான். ஆண் ஃபைட்டர்களை ஒவ்வொன்றாகத் தனித்தனிப் போத்தலில் வைத்திருந்தோம். போத்தல்களுக்கு நடுவே மட்டை செருகியிருக்கும். மட்டையை எடுத்தால் போதும், இரண்டும் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் மோதத் தொடங்கிவிடும். வாங்கிப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: இதோடு வேறு என்ன மீன் விடலாம்?

பல மீன்களைச் சாகக் கொடுத்துத்தான் அதற்குப் பதில் சொல்லப் பழகினேன். வால் பெருத்த, நிறம் பளிச்சென்ற கப்பியை விடக்கூடாது. ஃபைட்டர் அதைத் தன்னைப்போல இன்னொரு ஆண் என்று நினைத்துக் கடித்துக் குதறிவிடும். டைகர் பார்பை விட்டால் கதை மாறும். அது பின்னால் வந்து ஃபைட்டரின் செட்டையைக் கொறிக்கும். கோல்ட் ஃபிஷ் வேண்டாம், அதற்கு வேண்டிய தண்ணீர் வேறு. சின்னதாக, மங்கலாக, கூட்டமாக ஓடுகிற மீன் பரவாயில்லை. அடித்தரையிலேயே மேய்ந்து திரியும் சின்னக் கெளிறும் நத்தையும் பரவாயில்லை. ஒளிய இடம் வேண்டும் என்பதால் செடி நிறைய வைக்க வேண்டும். ஃபைட்டரைக் கடைசியாகத்தான் விட வேண்டும். முதலில் விட்டால் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஒருநாள் வாயைத் திறக்காமல் நின்றேன்.

அன்று காலை கடை வாசலில் பொலிஸ் ஜீப் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் ஒரு நிலையத்தின் பொறுப்பதிகாரி. எந்த நிலையம் என்று சொல்லத் தேவையில்லை. முதலாளி எழும்பி நின்றார். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய், அடையாள அட்டையும், வடக்கிலிருந்து வந்தவர்கள் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தது. கொழும்புக்கு வந்த நாளிலிருந்து கைக்கு அந்தப் பழக்கம்.

அதிகாரி தன் அறையில் வைக்கப் பெரிய தொட்டி ஒன்று கேட்டார். போத்தல்களைச் சுற்றிப் பார்த்து, இரத்தச் சிவப்பில் ஒரு ஃபைட்டரைத் தேர்ந்தார். பிறகு கப்பித் தொட்டியைக் காட்டி, வால் பெரிதாக உள்ளவற்றில் ஆறு வேண்டும் என்றார்.

"எல்லாம் ஒண்டாப் போடலாம்தானே?" என்று என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார். என் முகம் போன போக்கைக் கண்டு சிரித்தார். "நான் மட்டக்களப்பில நாலு வருஷம் இருந்தது. தமிழ் தெரியும் மல்லி." தம்பி என்பதற்கு மட்டும் சிங்களச் சொல் வந்தது.

கூடாது என்று சொல்ல வேண்டும். ஒரு சொல்தான். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் எனக்கு முந்திக்கொண்டு, "ஹரி சேர், ஹரி சேர்" என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். மறுநாள் நானே நிலையத்துக்கு வந்து தொட்டியை வைத்துத் தர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

நான் தங்கியிருந்தது பக்கத்து ஒழுங்கையில் ஒரு லொட்ஜில். எனக்கு அடுத்த அறையில் வவுனியாவிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். மனைவியும் மகளும் கனடாவில். விசாவுக்காக ஒன்றரை வருடமாகக் காத்திருந்தார். பின்னேரங்களில் இருவரும் சேர்ந்து தேத்தண்ணீர் குடிப்போம். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஜீப் வந்ததற்கு இரண்டு நாள் முன்பு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. லொட்ஜில் அதைப்பற்றி யாரும் கதைக்கவில்லை. தேடிப் போகிறவனிடம் முதலில் கேட்கப்படுவது உனக்கும் அவனுக்கும் என்ன தொடர்பு என்பதுதான். எனவே நானும் தேடவில்லை.

மறுநாள் தொட்டியையும் மீன்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். உள்ளே நடையில் சுவரோரம் ஆட்கள் இருக்க ஒரு நீள மர வாங்கு. அதில் அண்ணை இருந்தார். காலில் செருப்பில்லை, இடுப்பில் பெல்ட் இல்லை, இரண்டு மூன்று நாள் தாடி.

அவர் என்னைக் கண்டார். நான் அவரைக் கண்டேன். ஒரு கணம்தான். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அவரைக் கடந்து போனேன்.

அதிகாரியின் அறையில் தொட்டியில் மணல் பரப்பி, தண்ணீர் நிரப்பி, மீன்களை விட்டேன். அதிகாரி மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ எங்க இருக்கிறது?"

ஒழுங்கையின் பெயரைச் சொன்னேன்.

"அந்த லொட்ஜா?"

"ஓம் சேர்."

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. பேனையை மூடினார், திறந்தார். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. ஃபைட்டர் ஒரு கப்பியின் பின்னால் மெதுவாகப் போக ஆரம்பித்திருந்தது. "எல்லாம் ஒண்டா இருக்குமா?" என்றார். "இருக்கும் சேர்" என்றேன். வெளியே வரும்போது வாங்குப் பக்கம் பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு நாளும் கடையில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் கையிலிருந்த வலையை வைத்துவிட்டு முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். மீன் செத்துவிட்டது என்று வருமா, லொட்ஜைப்பற்றிக் கேட்டு வருமா என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை வந்தது. முதலாளி கேட்டுவிட்டு வைத்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"மீனெல்லாம் சாகுதாம். உம்மை உடனே வரச் சொல்றார்."

"நீங்களும் வாங்கோ முதலாளி. எனக்குச் சிங்களம் தெரியாதே."

"அவருக்குத் தமிழ் தெரியும்தானே தம்பி. வச்சது நீர். நான் வந்தா கடையை ஆர் பாக்கிறது?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

என்ன கொண்டுபோவது என்று தொட்டிகளுக்கு முன்னால் நின்றேன். இந்த முறை பிழை விட முடியாது. சாம்பல் நிறத்தில் விரலளவு மீன்கள் எட்டு எடுத்தேன். யாரும் விரும்பி வாங்காத சாதி, ஆனால் வேகமாக ஓடும், வால் குட்டை. சின்னக் கெளிறு மூன்று. நத்தை நான்கு. ஒளிவதற்கு ஒரு கட்டுப் பாசி. ஒவ்வொன்றையும் பையில் போடும்போது இதனால் பிரச்சினை வருமா, இதனால் வருமா என்று மனது கேட்டுக்கொண்டே இருந்தது.

வழியில் சோதனைச் சாவடியில் ஆட்டோவை மறித்தார்கள். ஒரு சிப்பாய் பையை வாங்கி வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். ஒரு கெளிறு அடியில் சுருண்டு கிடந்தது. பையைத் தட்டினான். அது ஓடியது. "எங்கே கொண்டுபோகிறாய்?" என்று சிங்களத்தில் கேட்டான். நிலையத்தின் பெயரைச் சொன்னதும் பையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் தந்தான்.

நடையில் வாங்கு வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்த பயம், அவர் அதில் இருந்ததைப் பார்த்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அறையில் தொட்டித் தண்ணீர் கலங்கியிருந்தது. வாலில்லாத நான்கு கப்பிகள் மேலே மிதந்தன. மிஞ்சிய இரண்டும் காற்றுக் குழாயின் பின்னால் ஒடுங்கிக் கிடந்தன.

"நீ சொன்னது ஒண்டா இருக்கும் எண்டு" என்றார் அதிகாரி. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

"இருக்காது எண்டு எனக்குத் தெரியும் சேர்."

"தெரியுமா? அப்ப ஏன் சொல்ல இல்ல?"

"பயமா இருந்தது."

"மீனைப்பத்திச் சொல்லவும் பயமா?"

ஃபைட்டரை வலையால் பிடித்துப் போத்தலில் விட்டேன். செத்ததை அள்ளினேன். மிஞ்சிய கப்பிகளைப் பையில் போட்டேன். தண்ணீரை மாற்றி, பாசியை மூலைக்கு மூலை நட்டு, புது மீன்களை விட்டேன். இவை இடம் பழகட்டும், ஃபைட்டரை நாளைக்கு விடுங்கள், ஏன் என்றால் இப்படி இப்படி என்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினேன். மீனைப்பற்றிக் கதைக்கக் கதைக்கக் குரலில் நடுக்கம் குறைந்தது. அது திரும்பி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"சேர், அண்டைக்கு வெளியில வாங்கில இருந்தவர் என்ர பக்கத்து அறைக்காரர். விசாவுக்கு நிக்கிறார். வேற ஒண்டும் இல்லை."

அதிகாரி நிமிர்ந்தார். "உன்னைத் தெரியுமா எண்டு அந்த ஆளைக் கேட்டது. தெரியாது எண்டு சொன்னது. நீ தெரியும் எண்டு சொல்றது. ரெண்டு பேரில ஆர் பொய்?"

நான் அவரைக் காப்பாற்ற வாயைத் திறந்து, அவரைப் பொய்யராக்கிவிட்டேன்.

"என்னை மாட்டிவிடக் கூடாது எண்டு சொல்லியிருப்பார் சேர்."

"வெளியில இரு" என்றார்.

அதே வாங்கில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் இருந்தேன். அடையாள அட்டையையும் பதிவுத் துண்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள். கடந்து போகிறவர்களின் சப்பாத்துகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது தெரிந்தவர் வந்தால் நானும் சுவரைத்தான் பார்ப்பேன் என்று நினைத்தேன். கடைசியில், அவர்கள் கூப்பிட்டனுப்பிய லொட்ஜ்காரர் பதிவுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த மாதம் அறை இருக்காது என்று தெரிந்தது. பிறகு ஒரு சார்ஜன்ட் சிங்களத்தில் ஒரு பக்கம் நிறைய எழுதி என்னிடம் நீட்டினார். ஒரு எழுத்தும் எனக்கு விளங்கவில்லை. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கத் துணிவும் இல்லை. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். அட்டையையும் துண்டையும் திருப்பித் தந்து போகச் சொன்னார்கள்.

அண்ணையை மறுநாள் பின்னேரம் விட்டார்கள். நான் அவருடைய அறைக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். கட்டிலில் இருந்தபடி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"ஏன் தம்பி சொன்னனீர்?" என்றார். "நான் தெரியாது எண்டு முடிச்சிட்டன். அதோட நீர் தப்பியிருப்பீர்."

"அண்டைக்குப் பாக்காத மாதிரிப் போனனான் அண்ணை."

"நான்தானே முதல்ல திரும்பினது."

"அது எனக்குத் தெரியும். அதுதான்..."

அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு, கொட்டாஞ்சேனையில் ஒரு அறை பார்க்கப் போவதாகச் சொன்னார். எங்கள் இருவர் பெயரும் இப்போது பொலிஸில் ஒரே கடதாசியில் இருக்கிறது. அடுத்த சுற்றிவளைப்பில் ஒருவரைப் பிடித்தால் மற்றவரையும் தேடுவார்கள். ஒரே விலாசத்தில் இருப்பது இருவருக்கும் நல்லதில்லை. எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார்.

"எங்கயாவது ரோட்டில கண்டாலும் கதைக்க வேண்டாம், என்ன?"

"ஓம் அண்ணை."

இரண்டு நாளில் ஒரு பையோடு போனார். நான் வாசல்வரை கூடப் போகவில்லை. மாடி யன்னலிலிருந்து பார்த்தேன். அவர் ஒழுங்கை திரும்பி மறைந்ததும் எனக்கு மூச்சு இலேசாக வந்தது. அப்படி வந்ததே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. அவர் கனடா போய்ச் சேர்ந்தார் என்று ஒரு வருடம் கழித்து வேறு யாரோ சொன்னார்கள். சிங்களத்தில் இருந்த அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.