சுகமில்லாமல் போகச் சொன்னவர்கள்

கதவுச் சங்கிலியைக் கழற்றியதுதான் செலஸ்ரீனா செய்த பிழை. வெளியே நின்றவன் கையில் பூங்கொத்து இருந்தது. தான் வேலைசெய்யும் வீட்டம்மா சின்யோராவுக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துத் திறந்தாள். பூங்கொத்து அவள் முகத்தில் மோதியது. அவன் பின்னால் இன்னொருவன் இரும்புக் குழாயோடு நுழைந்து கதவைச் சாத்தினான்.

முதல் அடியை இடக்கையால் தடுத்தாள். பச்சை விறகு முறிவதுபோல எலும்பு முறிந்தது அவள் காதுக்கே கேட்டது. அடுத்தது விலாவில். வீட்டு நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்தது. குழாய்க்காரன் திரும்பி ஒரே போடாகப் போட, அது கத்தக்கூட இல்லாமல் சரிந்தது. பூக்காரன் அவள் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினான். அவன் குரல் மட்டும் மெதுவாக இருந்தது.

"உன்ரை சின்யோராவுக்குச் சொல்லு. அவவுக்குச் சுகமில்லாமல் வரவேணும். திங்கட்கிழமைக்கு முதல் வரவேணும்."

சின்யோரா எமிலியானா இத்தாலியின் பலேர்மோ நகரில் கணக்கு ரீச்சர், விதவை. குலுக்கலில் பெயர் விழுந்து ஜூரியாகப் போய்க்கொண்டிருந்தார். அங்கே கொலை வழக்கென்றால் இரண்டு நீதிபதிகளோடு ஊர்ச்சனம் ஆறு பேரும் மூவண்ணப் பட்டை அணிந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். போர்கோ வெக்கியோ சந்தையில், பட்டப்பகலில், கப்பம் கொடுக்க மறுத்த மீன்காரனையும் அவன் மைத்துனனையும் சுட்டுத்தள்ளிய இரண்டு சகோதரர்களின் வழக்கு அது. ஏற்கெனவே பல ஜூரிகள் 'நோயில்' விழுந்துவிட்டார்கள். மாற்றுக்கு வைத்திருந்தவர்களும் தீர்ந்துபோனார்கள். இன்னும் ஒருவர் விழுந்தால் விசாரணையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் மறியலில் வைத்திருக்கக்கூடிய கெடு முடிந்து சகோதரர்கள் வெளியே வந்துவிடுவார்கள்.

சின்யோரா மறந்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஒருமுறை செலஸ்ரீனா அந்த நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறாள். மீன்காரனின் மனைவி சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பிக்கூண்டுக்குள் நின்ற இளையவன் தன் கழுத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினான். ஜூரிகளில் இருவர் குனிந்துகொண்டார்கள். எமிலியானா குனியவில்லை; ஆனால் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. செலஸ்ரீனாவின் அண்ணனை முன்பு ஊரில், மன்னாரில், றோட்டோரம் சுட்டு, ரயர் போட்டு எரித்தார்கள். யார் செய்தது என்று கேட்க அங்கே ஒருவரும் உட்காரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கணவன் சுவாம்பிள்ளையிடம் மட்டும் உள்ளதைச் சொன்னாள். அவன் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுபவன். வேலை உடுப்போடே ஓடி வந்திருந்தான்.

"இண்டைக்கே சொல்லிப்போட்டு வேலையை விடு. பெர்மெசோ விசாவோட இருக்கிற சனம் நாங்கள், எங்களுக்கேன் உந்தச் சண்டை?"

"சொன்னா அவ விலகிடுவா."

"விலகட்டுமன்! உன்ரை கையைப் பாத்தியே?"

"அவங்கள் வெளியில வந்திடுவாங்கள்."

பொலிசுக்கும் சின்யோராவுக்கும் அவள் சொன்னது: கள்ளர் வந்தவங்கள். எமிலியானா அழுதுகொண்டே நாயைப் புதைத்தார். திங்கட்கிழமை நீதிமன்றம் போனார்.

அந்த வாரமே அவருடைய கார் வெடித்தது. சாவியோடு வாசலில் இறங்கியவரின் கன்னத்தைக் கண்ணாடித் துண்டு கிழித்தது. எரிந்த இறப்பர் நாற்றம் வீட்டுக்குள் நிறைந்திருக்கையில் தொலைபேசி அடித்தது. "வேலைக்காரியிட்டச் சொல்லி விட்டனாங்களே, சொல்லேல்லையோ?"

எமிலியானா தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குள் அடுப்படிக்கு வந்தார். மாக்கட்டுக் கையோடு நின்றவளைக் கன்னத்தில் அறைந்தார்.

"என்ரை உயிரை வைச்சு நீ முடிவெடுத்தாய், என்ன?"

"ஓம் சின்யோரா. நீங்கள் விலகிடுவீங்கள் எண்டு பயந்தன்."

"விலகித்தான் இருப்பன். அண்டைக்கே சொல்லியிருந்தா அண்டைக்கே விலகியிருப்பன்." இரத்தம் தாடையால் வழிந்து சட்டையில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை. "இப்ப எனக்குக் கோபம் வந்திட்டுது."

தீர்ப்புவரை பொலிஸ் காவலோடு போய்வந்தார். மூத்தவனுக்கு ஆயுள் தண்டனை. கழுத்தில் கோடு இழுத்த இளையவனுக்குச் சாட்சி போதாதென்று விடுதலை. மீன்காரனின் மனைவி நீதிமன்ற வாசலில் மார்பில் அடித்துக்கொண்டு உருண்டாள். யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதை ஜூரிகள் வெளியே சொல்லக்கூடாது, எமிலியானாவும் சொல்லவில்லை. மறுநாள் செலஸ்ரீனாவை வேலையிலிருந்து நிறுத்தினார். அதே கையோடு, கூடப் படிப்பிக்கும் ஒருத்தியின் வீட்டில் அவளுக்கு வேலையும் பிடித்துக் கொடுத்தார்.

அடுத்த வருடம் பூக்காரன் வேறொரு கொலையில் அகப்பட்டான். பேப்பரில் வந்த அவன் படத்தைச் செலஸ்ரீனா வெட்டியெடுத்தாள். அதோடு பொலிசுக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவளை அடித்த குற்றத்தையும் அந்தக் கொலை வழக்கோடு சேர்த்தார்கள். சுவாம்பிள்ளை சாப்பிடாமல் கிடந்து மறித்துப் பார்த்தான். விசாரணை நாளில், சவரம் செய்துகொண்டு, அவனும் கூடவே போனான்.

இப்போது வேறு ஆறு பேர் பட்டையோடு இருந்தார்கள். கூண்டுக்குள் நின்றவனை அவள் கைநீட்டிக் காட்டினாள். அவனுடைய வக்கீல் எழுந்தார்.

"முதலில் கள்ளர் எண்டு பொலிசுக்குப் பொய் சொன்னனீங்கள். இப்ப சொல்லுறதை ஏன் நம்பவேணும்?"

"பொய்தான் சொன்னன். என்னை அடிச்சது பொய் இல்லை." கோணலாகப் பொருந்தியிருந்த இடக்கையை ஆறு பேரும் பார்க்கத் தூக்கினாள். கூண்டுக்குள்ளிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அவள் கையை இறக்கவில்லை.

அவனைக் குற்றவாளி என்று தீர்த்தார்கள். அந்தக் கிழமையே அவர்களுடைய வீட்டு ஜன்னலுக்குள்ளால் இரண்டு துப்பாக்கி வெடி பாய்ந்தது. ஒன்று சுவரில் பட்டது. மற்றது சுவாம்பிள்ளையின் தொடையைத் துளைத்தது. காயம் ஆறியதும் இருவரும் வடக்கே பொலோஞ்ஞாவுக்கு ரயிலேறினார்கள். பெட்டிகளையெல்லாம் செலஸ்ரீனா வலக்கையால் ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினாள்.