தட்டுதா, தட்டலையா?

படகு மோட்டார் மெக்கானிக்குக்குக் கைதான் முக்கியம் என்பார்கள். வேலைக்கு வந்த பிறகுதான் காது முக்கியம் என்று தெரியும், அதற்குள் காது போய்விடும். கரமனையில் எங்கள் தெருவில் எல்லோரும் ஆபீசுக்குப் போகிறவர்கள். நான் மட்டும் பூந்துறைக் கடற்கரையில் டூ-ஸ்ட்ரோக் மோட்டார் ரிப்பேர் செய்துவிட்டு, மண்ணெண்ணெய் மணத்தோடு சிட்டி பஸ்ஸில் திரும்புகிறேன். பக்கத்து சீட் எப்போதும் காலி. என்னைப் போல் இன்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்துக் குழம்பியவர்களுக்கு இதெல்லாம் புரியும்.

மாதா சுரூபம்

சிலுவையன் என்ற மீனவர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். இன்ஜின் தட்டுகிறதாம். நானும் கேட்டேன், டக் டக் என்று தெளிவாக. ஆக்டேனைப் பற்றி அப்போதுதான் படித்திருந்தேன். ப்ளக்கின் நெருப்பு வந்து சேரும்வரை தானாக வெடித்துவிடாமல் எரிபொருள் பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமைதான் ஆக்டேன். பொறுமை இல்லாத எரிபொருள் இன்ஜினைத் தட்டும். விலை கூடிய பெட்ரோல் ஊற்றச் சொன்னேன். ஊற்றினார். அப்படியே தட்டியது. சீனியர் மெக்கானிக் தாமஸ் சேட்டன் பேரிங் தேய்ந்திருக்கும் என்றார். முழு மோட்டாரையும் கழற்றினோம். பேரிங் புதுசு போல இருந்தது.

மூடியைத் திரும்ப மாட்டும்போதுதான் பார்த்தேன். அதன் உள்பக்கம் நூலில் கட்டிய சின்னச் சிலை, மாதா சுரூபம் ஒன்று தொங்கியது. மோட்டார் ஓடும்போதெல்லாம் அது தகட்டில் இடித்திருக்கிறது. எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். சிலுவையன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அது அங்கேதான் இருக்கும் அண்ணா. தட்டினா தட்டிட்டுப் போகட்டே."

சத்தம் நின்றது

ஸ்டெல்லா மீன் விற்கிறவர். படகு அவருடையது, கடலுக்குப் போவது தம்பி லூர்து. பெட்ரோலில் மட்டும் ஓட வேண்டிய மோட்டார் அது. ஒரு வாரம் பயங்கரமாகத் தட்டியதாம். முந்தின நாள் சத்தம் நின்றதாம், கூடவே மோட்டாரும் நின்றதாம். என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். பெட்ரோல்தான் என்று சாதித்தார். டேங்க் மூடியைத் திறந்தால் மண்ணெண்ணெய் மூக்கைத் துளைத்தது. பாதிக்குப் பாதி கலந்திருக்கிறார்கள். பெட்ரோலின் பொறுமை மண்ணெண்ணெய்க்கு ஏது? தட்டித் தட்டிப் பிஸ்டன் தலையில் விரல் நுழைகிற ஓட்டை.

பிஸ்டனைக் காட்டி எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் கேட்டார்:

"பின்ன நேத்திக்கு சத்தம் நின்னப்போ சரியாயிடுச்சுன்னு அவன் சொன்னது?"

ஆயில் கூடினால் நல்லதுதானே

இது என் தப்பு. அதே மோட்டாருக்குப் புதுப் பிஸ்டன் போட்டோம். மறுபடி கெடக்கூடாது என்ற அக்கறையில், பெட்ரோலில் கலக்கும் ஆயிலை இரண்டு மடங்காக்கச் சொன்னேன். வழுவழுப்பு கூடினால் தட்டாது என்பது என் கணக்கு. ஓட்டிப் பார்க்க லூர்துவோடு நானும் கடலில் இறங்கினேன். புது ப்ளக்தானே என்று மாற்று ப்ளக் எடுத்துக்கொள்ளவில்லை.

வேகம் கொடுத்ததும் தட்டல் தொடங்கியது. முன்பைவிட மோசம். பிறகு இருமி இருமி நின்றேவிட்டது. மத்தியானக் காற்று எங்களைக் கரைப்பக்கம் தள்ளியது. கரை என்றால் மணல் இல்லை, கடலரிப்புக்காகக் கொட்டிய பாறைகள். அலை அவற்றில் அறைகிற சத்தம் நெருங்க நெருங்க எனக்கு ஆக்டேன், ஆயில் எல்லாம் மறந்துபோயிற்று. லூர்து துடுப்பை என் கையில் கொடுத்துவிட்டு ப்ளக்கைக் கழற்றினான். கரி படிந்து, ஆயிலில் ஊறிக் கிடந்தது. அவன் அதைத் துண்டால் துடைத்து மாட்டும்வரை நான் உயிரைக் கொடுத்துத் துழாவினேன். மூன்றாவது இழுப்பில் மோட்டார் பிடித்தது. பாறைக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு படகு நீளம்கூட இல்லை.

கடைக்கு வந்ததும் தாமஸ் சேட்டன் சொன்னார், ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும், சூடு ஏறித் தட்டும், ப்ளக்கும் கெடும் என்று. நான் ஸ்டெல்லாவிடம் போய், தப்பு மோட்டாரில் இல்லை, என் பேச்சில்தான் என்று ஒத்துக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கைவேலையை நிறுத்தாமலே சொன்னார்:

"எண்ணெய் குறைஞ்சாலும் கேடு, கூடினாலும் கேடு. இனி நீங்க சொல்றதைக் கேக்கணுமா, கேக்க வேண்டாமா, அத மாத்திரம் சொல்லுங்க."

நான் இந்த வேலைக்கு வந்து ஆறு வருஷமாகிறது. யாராவது ஆக்டேன் என்று ஆரம்பித்தால் உடனே தலையாட்டுகிறேன், ஆமாம் என்று ஆட்டினேனா இல்லை என்று ஆட்டினேனா என்பதுதான் எனக்கே தெரிவதில்லை.