ஊதிக் காட்டுங்க

முதல் அறிகுறியை எங்கள் வீட்டு வாசற்படியில்தான் பார்த்தேன். கேரள எல்லையோரக் கோபாலபுரத்தில் லாரிகளுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிக்கும் என் வீட்டுக்காரர், ஒரு சாயங்காலம் தள்ளாடியபடி வந்து நின்றார். "நம்ம ஊடுதான புள்ள இது?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோம்பி, விசேஷம் என்றால் கொஞ்சம் குடிப்பவர்தான். "ஏனுங்க, ஊதிக் காட்டுங்க" என்றேன். ஊதினார். தின்னர் (பெயிண்டை இளக்கும் திரவம்) நாற்றம்தான் வந்தது. பிராந்தி வாடையை அதை வைத்து மறைக்கிறார் என்று சண்டை போட்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

அதன்பிறகு தினமும் ஊதிக் காட்டினால்தான் உள்ளே விடுவேன். கை நடுங்கியது, பெயர்கள் மறந்தன, சும்மா சும்மா எரிந்து விழுந்தார். "குடிக்கல புள்ள" என்றவர், போகப்போக, "குடிச்சிருப்பனாட்ட இருக்குது, ஞாபகமில்ல" என்றார். குற்றத்தை ஒத்துக்கொண்டார் என்றே எடுத்துக்கொண்டேன்.

குடியை நிறுத்தும் மையத்தில் சேர்த்தோம். ஒரே மாதத்தில் தெளிந்தார். பார்த்தீர்களா, குடிதான் என்று ஊரெல்லாம் சொன்னேன். மறுபடி வேலைக்கு அனுப்பியதும் நான்தான். கொஞ்ச நாளில் முன்னைவிட மோசமானார். பஸ்ஸில் ஏறியவருக்கு எங்கே இறங்குவதென்று தெரியவில்லை.

எல்லா டாக்டர்களும் எவ்வளவு குடிப்பார் என்றே கேட்டார்கள். மலையாளம் பேசும் நரம்பு டாக்டரம்மா மட்டும், "ஜோலி எந்தா சேச்சி?" என்று வீட்டுக்காரர் செய்யும் வேலையைக் கேட்டார். சொன்னேன். தூசி படாமலிருக்க நாலு பக்கமும் பிளாஸ்டிக் ஷீட் கட்டிய கொட்டகை, கை கழுவுவதும் தின்னரில்தான். ஸ்கேன், ஞாபகச் சோதனை எல்லாம் முடித்துவிட்டு, டாக்ஸிக் என்செபலோபதி (நச்சால் மூளை பழுதாவது) என்றார்.

"மையத்துல நல்லாயிட்டாருங்களே, மேடம்?"

"அங்க தின்னர் இல்லல்லோ, சேச்சி."

இனி அந்தத் தின்னர் புகை படாவிட்டால் மேலும் கூடாமல் பார்க்கலாம், போனது முழுதாகத் திரும்பாது என்றார். ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் பெயிண்ட், பசையோடு வேலை செய்கிறவர் தடுமாறினால், என்னை மாதிரி வாயை மோந்து பார்க்காதீர்கள். அவர் வேலை செய்யும் இடத்தைப் போய்ப் பாருங்கள். டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

இப்போது அவர் வேலைக்குப் போவதில்லை. காலையா மாலையா என்பதும் பிடிபடுவதில்லை. அவர்மேல் தப்பில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் மனதில் நிற்பதில்லை. ஆனால் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத் திரும்பினால்கூட வாசற்படியில் நின்றுவிடுகிறார். "வேண்டாமுங்க, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து அழுதாலும் கேட்பதில்லை. என் முகத்தருகே குனிந்து ஊதுகிறார். அந்த மூச்சில் இப்போது ஒரு வாடையும் இல்லை.

"இன்னைக்குக் குடிக்கல புள்ள" என்கிறார்.