பேச்சியம்மாள் வைத்த பொட்டு

போன வாரம் எதிர் வீட்டு மொட்டை மாடியில் சோலார் தகடு பொருத்தினார்கள். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் தேங்காய் உடைத்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு தகட்டுப் பக்கம் போனார். "கண்ணாடியில வைக்காதீய!" என்று என் மாடியிலிருந்து கத்திவிட்டேன். ரிட்டயர் ஆன மனுசனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். உங்களிடம் மட்டும் காரணத்தைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீசியனாக இருந்தேன். முதலாளிக்கு மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. தோப்புக்கும் மம்சாபுரம் போகும் பாதைக்கும் நடுவில் காட்டாறு ஓடும். மலைமேல் மழை கொட்டினால், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். காவல்காரர் மாடசாமியின் குடிசை மேட்டில் இருந்தது. ஆற்றின் மேல்வளைவில் செந்தண்ணீரைக் கண்டதும் அவர் ஒரு லாரி ஹாரனை அடிப்பார். ஆற்றில் இறங்கியவர்கள் கரையேறிவிடுவார்கள். கரண்டுக் கம்பி போகாத இடம் என்பதால், ஹாரனுக்கும் குடிசையில் ஒரு குட்டி பல்புக்குமாக முதலாளி மெட்ராஸிலிருந்து சோலார் தகடும் பேட்டரியும் தருவித்தார். பொருத்தியவன் நான்.

அந்தக் காலத் தகட்டில் முப்பத்தாறு சிலிக்கான் வில்லைகள், கருநீலத்தில், சாசர் அளவுக்கு வட்ட வட்டமாக இருக்கும். வெயில் பட்டால் வில்லைக்குள் எலக்ட்ரான்கள் கிளம்பும். அவை ஒரு பக்கமாகவே போகும்படி உள்ளே பக்குவம் செய்து வைத்திருக்கிறார்கள். ஆலையில் நான் புழங்கியது முன்னும் பின்னும் ஆடுகிற ஏசி. இதுவோ ஒரே திசையில் போகிற டிசி, நேராகப் பேட்டரிக்குள் இறங்கும். ஆனால் ஒரு வில்லைக்கு அரை வோல்ட்தான், எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்தால்தான் பேட்டரி ஏறும். கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவார்களே, நடுவில் ஒரு ஆள் கையைக் கட்டிக்கொண்டால் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். இங்கேயும் ஒரு வில்லையை மூடினால் மொத்தத் தகடும் படுத்துவிடும். இதை நான் மாடசாமியிடம் சொல்லவில்லை. படித்தவன் என்ற மிதப்பு. அவருக்குப் புரியாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆயுதபூஜை அன்று தோப்புக்குப் போயிருந்தேன். மாடசாமியின் மனைவி பேச்சியம்மாள் மண்வெட்டி, கடப்பாரை, ஹாரன் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுத் தகட்டிடம் வந்தார். கீழ்வரிசையில் நாலு வட்டங்களை விளிம்பு வரை சந்தனத்தால் மெழுகி, நடுவில் குங்குமம் வைத்தார்.

"வட்டம் போட்டே குடுத்திருக்காவ, பொட்டு வைக்கத்தான தம்பி?" என்றார்.

சிரித்தேன். துடைத்திருக்க வேண்டும். பூஜைச் சந்தனத்தை அன்றைக்கே துடைத்தால் அந்த அம்மாவின் முகம் வாடும், அடுத்த வாரம் வந்து பார்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் மழை கழுவிவிடும் என்று விட்டுவிட்டேன். அடிவாரத்தில் மழையே பெய்யவில்லை. அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பிடித்துப்போயிற்று. பால்கோவா பொட்டலமும் கையுமாக நான் அசடு வழியத் திரிந்ததில் தோப்பு ஞாபகமே வரவில்லை. குடிசையில் பல்பு மங்கியிருக்கிறது. மாதாமாதம் வருகிற தம்பி வந்து பார்க்கட்டும் என்று இருந்துவிட்டார்கள்.

மூன்றாவது வாரம், உச்சி வெயில். பேச்சியம்மாள் மம்சாபுரத்தில் ரேஷன் அரிசி வாங்கிக்கொண்டு ஆற்றில் இறங்கியிருக்கிறார். மாடசாமி செந்தண்ணீரைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்கியிருக்கிறார். ஹாரன் ஒரு தரம் கரகரத்து நின்றுவிட்டது. கத்திக்கொண்டே கீழே ஓடியிருக்கிறார். ஆற்று இரைச்சலில் மனிதக் குரல் எங்கே எடுபடும்? சாயங்காலம் இரண்டு மைல் தள்ளித்தான் உடல் கிடைத்தது.

மறுநாள் போனேன். தகட்டில் சந்தனம் காய்ந்து வெடித்து அப்படியே இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் நகத்தால் சுரண்டித் துடைத்தேன். மீட்டரில் முள் சட்டென்று எழுந்தது. திரும்பினால் மாடசாமி நிற்கிறார்.

"தம்பி, பொழுது சாய அந்தப் பேட்டரில ரேடியோவ மாட்டிக் கேப்பேன். செத்த நேரந்தான். அதுலயா கரண்டு தீந்துபோச்சு?"

அந்த ரேடியோ இழுப்பது ஒன்றுமே இல்லை. எனக்குத் தெரியும். என் நகக்கண்ணில் சந்தனம் இருந்தது.

"ரேடியோ கேக்காம இருந்திருக்கலாம் அண்ணாச்சி" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலோடுதான் இத்தனை வருஷமும் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன். என் மனைவிக்குக்கூட இது தெரியாது.

தொண்ணூறுகளில் ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். டீக்கடைக்காரர் ரேடியோவைத் திருகினார். மாடசாமி பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெயிலுக்குள் போனார். பத்து எட்டு வைத்தால் அவரைப் பிடித்திருக்கலாம். மதுரை பஸ் கிளம்புகிறது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லி ஏறிக்கொண்டேன்.

பிறகு மனசைத் திடப்படுத்திக்கொண்டு தேடிப் போனபோது, ஆலங்குளத்தில் தங்கச்சி வீட்டில் இருந்தார், போன மாசிக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார்கள். தோப்பு இப்போது வீட்டுமனை. ஆற்றுக்குப் பாலம் வந்துவிட்டது, வெள்ளம் வருவதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 'ரேடியோ இல்ல அண்ணாச்சி, நான்தான்' என்பதை மட்டும் எங்கே போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.