பிளேடால் சுரண்டிய கால்வாய்

போன வாரம் தலைக்குச் சாயம் அடிக்க பியூட்டி பார்லருக்குப் போயிருந்தேன். இந்த வயதில் யாரை ஏமாற்ற என்று கேட்காதீர்கள், கண்ணாடியைத்தான். அந்தப் பெண் கிண்ணத்தில் சாயத்தைக் கலந்ததும் அம்மோனியா நெடி மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எரியுதா ஆன்ட்டி?" என்றாள். எரியவில்லை. செல்வராஜ் ஞாபகம் வந்துவிட்டது. அதை அவளிடம் எங்கே போய்ச் சொல்வது?

தொண்ணூறுகளில் நான் பொம்மனஹள்ளியில் ஒரு சின்ன இன்ஜினியர் ஆபீசில் டிரேசர். வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் போட்டு, அனுமதிக்கு எழுதிக் கொடுக்கிற இடம். மெல்லிய டிரேசிங் தாளில் நான் மையால் கோடு இழுப்பேன். அதை அம்மோனியா மெஷினில் விட்டால் நீலக் கோடுகளோடு நகல் வரும். சாயங்காலம் விவேக் நகருக்கு பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்து சீட்டுக்காரர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். ஒருநாள் மல்லிகைப்பூ வைத்துப் பார்த்தேன். மல்லிகையும் அம்மோனியாவும் சேர்ந்த வாசனையை உங்களுக்குச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

செல்வராஜ் திருப்பத்தூர்க்காரர். பக்கத்துத் தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். மனைவி கமலாவோடு ஷீட் போட்ட ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். ஏரிக்குப் பக்கத்தில் வீடு கட்ட ஒரு சைட் வாங்கியிருந்தார். பத்திரத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவார்.

கிராம வரைபடத்தை விரித்ததும் எனக்குத் திக்கென்றது. அவருடைய சைட்டின் கிழக்கு ஓரமாக ஓர் இரட்டைக் கோடு ஓடியது. இங்கே கன்னடத்தில் ராஜகாலுவே என்பார்கள்; மேல் ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கீழ் ஏரிக்குப் போகிற பெரிய கால்வாய். அதை ஒட்டி இத்தனை அடிக்குக் கட்டடம் கூடாது என்று விதி. அந்த இடத்தை விட்டால் மிச்சத்தில் ஒரு குளியலறையும் படிக்கட்டும் கட்டலாம்.

எங்கள் மூர்த்தி சார் கன்னடக்காரர், சாந்தமான மனிதர். வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே சொன்னார். "அந்தக் கோட்டைப் போடாம விட்டுடலாம் செல்வராஜ். அக்கம்பக்கம் எல்லாரும் அப்படித்தான் சாங்ஷன் வாங்கிருக்காங்க."

கமலா முகம் மலர்ந்தது. செல்வராஜ் மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் சார். போன மழைல நானே போய் நின்னு பாத்தேன். முழங்கால் அளவு தண்ணி இழுத்துக்கினு போவுது. இருக்கறத இருக்கற மாதிரி போட்டுக் குடுங்க. சாங்ஷன் குடுக்கறவங்களே பாத்து ஒரு வழி சொல்லட்டும்."

"ஊர்ல எல்லாரும் முட்டாளு, நீ ஒருத்தன்தான் புத்திசாலி," என்றாள் கமலா. அவள் அப்போது ஐந்து மாதம்.

இரட்டைக் கோட்டை நான் வரைந்தேன். என் கை அன்று கொஞ்சம்கூட நடுங்கவில்லை என்பதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. இருபத்து மூன்று வயதில் பெருமைப்படக் காரணம் நிறையக் கிடைக்கும்.

அவர்கள் ஒரு வழியும் சொல்லவில்லை. கால்வாய் ஒட்டிய நிலம், பரிசீலிக்க இயலாது என்று ஃபைல் திரும்பி வந்தது. மறுபடி எழுதினோம். அளக்க ஆள் வரவேண்டும் என்றார்கள், வரவில்லை. ஏரிகளைக் கவனிக்கிற ஆபீசில் கடிதம் வாங்கி வா என்றார்கள். அங்கே, இது எங்களுடையது இல்லை என்றார்கள். செல்வராஜ் ஷிப்ட் முடித்து எண்ணெய்க் கையோடு வந்து, "இன்னிக்கு இன்னா சொன்னாங்க மேடம்?" என்பார். குழந்தை பிறந்து, நடந்து, எங்கள் ஆபீசில் தாள் கிழிக்கிற வயதுக்கு வந்துவிட்டது. அதற்குள் அவர் சைட்டுக்கு இரண்டு பக்கமும் வீடுகள் எழும்பிவிட்டன. ஒருநாள் வந்து, வித்துட்டேன் என்றார். குரலில் கோபம் இல்லை. அலைந்த அலுப்புதான் இருந்தது.

சில மாதம் கழித்து அதே சர்வே எண் வேறு பெயரில் என் மேஜைக்கு வந்தது. வாங்கியவர் ஒரு பில்டர். மூன்று மாடி.

"பழைய டிரேசிங் இருக்கில்ல? புதுசா போட வேணாம். அந்தக் கோட்டை மட்டும் எடுத்துடும்மா," என்றார் மூர்த்தி சார்.

"சார், இது செல்வராஜ் அண்ணனோட சைட்டு."

"தெரியும்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ மாட்டேன்னா நானே எடுக்கணும். எனக்குக் கண்ணு சரியா தெரியல."

டிரேசிங் தாளில் மையை அழிக்க ரப்பர் உதவாது. பாதி பிளேடால் மெல்லச் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடம் சொரசொரப்பாகிவிடும். நகத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். கால் மணி நேர வேலை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். அப்பா இல்லாத வீடு, தம்பி படிப்பு என்று அப்போது காரணங்கள் வைத்திருந்தேன். அவை பொய்யும் இல்லை. ஆனால் உங்களிடம் சொல்வதற்கென்ன, அன்று அவற்றில் ஒன்றையும் நான் நினைக்கவில்லை. வேலையைச் சுத்தமாக முடிக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். மூன்றே வாரத்தில் சாங்ஷன் வந்தது.

மகளுக்குக் காது குத்த அழைக்க வந்தார் செல்வராஜ். வாடகை கட்டுப்படியாகாமல் அத்திபெலேவுக்குக் குடிபோயிருந்தார். பத்திரிகையைக் கொடுத்துவிட்டு நின்றார்.

"நம்ம சைட்ல மூணு மாடி வந்துடுச்சி, பாத்தீங்களா மேடம்? எப்படி சாங்ஷன் ஆச்சின்னு உங்களுக்கு எதுனா தெரியுமா?"

"தெரியலண்ணா," என்றேன்.

"அவங்களுக்கு எதுனா வழி தெரிஞ்சிருக்கும். நமக்குத் தெரியாம போச்சி." சிரித்தார். "மூணு மாடி வந்தத கமலாகிட்ட நான் இன்னும் சொல்லல. காது குத்துக்கு வரப்போ நீங்களும் சொல்லிடாதீங்க."

காது குத்துக்கு நான் போகவில்லை. அடுத்த மழையில் அந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மூன்று மாடியின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் மெத்தைகளை வெயிலில் காயப்போட்டிருந்தார்கள். கால்வாய்க்குக் கல்பலகை போட்டு மூடினார்கள். மூர்த்தி சார் ஆபீசை மூடிவிட்டு மைசூருக்குப் போய்விட்டார்; நான் அதே பக்கம் வேறொரு ஆபீசில் சேர்ந்தேன். செல்வராஜ் பிறகு வரவேயில்லை.

அந்த ஏரியும் இப்போது இல்லை. முதலில் ஓரத்துக் கோரைப்புல் போனது. பிறகு லாரி லாரியாக மண் வந்தது. எருமைகள் ஒதுங்கின, நாரைகள் குறைந்தன. நடுவில் கொஞ்ச நாள் குட்டை மாதிரி தேங்கியிருந்தது; அதில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். எந்த நாளோடு அது ஏரியாக இல்லாமல் போனது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இத்தனைக்கும் தினமும் இரண்டு வேளை, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, அந்த வழியாகத்தான் போய்வந்தேன்.