ஸ்டாக்ஹோம் பார்க்கப் போன ஹோல்கெர்

ஹோல்கெரும் நானும் பத்தொன்பது வருஷம் ஒரே மர லாரியை ஓட்டினோம். சேர்ந்து அல்ல. ஒரு வாரம் பகலில் அவன், இரவில் நான், மறுவாரம் மாற்றி. ஸ்வீடனின் வடக்கே, எங்கள் ஊரான ஓசேலேக்கு வெளியே சாலை பிரிகிற இடத்தில் வண்டி நிற்கும், ஒருவன் இறங்குவான், மற்றவன் ஏறுவான். இருக்கையில் அவன் உட்கார்ந்த சூடு இன்னும் இருக்கும். சளி பிடித்திருக்கிறதா, வீட்டில் என்ன சமையல் என்பதெல்லாம் வண்டிக்குள் அடிக்கிற வாடையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். நேரில் பேசியது கொஞ்சம்தான். எங்கள் ஊர்க் கணக்குக்கு அதுவே அதிகம்.

அவன் மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகள் பெட்ரா. படிக்க ஸ்டாக்ஹோம் போனவள் அங்கேயே வேலை, அங்கேயே வாழ்க்கை என்று தங்கிவிட்டாள். அங்கேயே ஃபிலிப் என்பவனைக் கல்யாணமும் செய்துகொண்டாள், போன வருஷம் ஏப்ரலில். அந்தக் கல்யாணத்துக்கு ஹோல்கெர் போகவில்லை. ஏப்ரலில் பனி இளகும். மண்சாலைகள் சேறாகி, கனரக வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள். அதற்குள் காட்டில் வெட்டி அடுக்கிய மரத்தை எல்லாம் வெளியே கொண்டுவந்தாக வேண்டும். அந்த நாட்களில் லாரிக்காரன் பெண்டாட்டி பிரசவத்துக்குக்கூடப் போகமாட்டான். "சாலை மூடப் போறாங்கம்மா" என்று மகளிடம் சொன்னான். "பரவால்லப்பா" என்றாள் அவள். அவ்வளவுதான் நடந்தது. சண்டையில்லை, சத்தமில்லை. அதன்பிறகு போனில் இரண்டு பேரும் வானிலை மட்டும்தான் பேசினார்கள். அங்கே மழையா, இங்கே பனி, சரி வைக்கிறேன்.

நான் அப்போதே திட்டினேன். ஒரு நாள் உன் ஷிப்டையும் சேர்த்து நான் ஓட்டியிருப்பேனே, கேட்டாயா என்றேன். கேட்கத் தோன்றவில்லையாம். அடுத்தவனுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதாம். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே எங்கள் ஆட்கள் பிறந்து வளர்ந்து செத்தும் போகிறார்கள்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் வண்டி மாற்றுமிடத்தில் சாவியைக் கொடுத்தவன் நகராமல் நின்றான்.

"ஆர்னே, உன் தொப்பி தெரியுது. காது ரெண்டும் தெரியுது. நடுவுல மூஞ்சிய காணோம்."

குடித்திருக்கிறானா என்று பார்த்தேன். இல்லை.

"உன் விஷயத்துல பெரிய நஷ்டமில்ல. ஆனா ரோடும் அப்படித்தான் இருக்கு" என்றான்.

கடற்கரை ஊருக்குப் போய்ப் பெரிய மருத்துவமனையில் காட்டினோம். கூட்டிப் போனது நான்தான். கண்ணின் நடுப்பகுதி செத்துக்கொண்டு வருகிறதாம். ஓரம் கடைசிவரை நிற்குமாம், நடு போய்விடுமாம். இவனுக்கு வந்திருக்கிற வகைக்கு மருந்தில்லை. கண்ணுக்கு நேரே கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிற பார்வை கோடை முழுக்கத் தாங்கலாம், இலையுதிர் காலம் தாங்குமா தெரியாது என்றாள் அங்கிருந்த டாக்டர்.  திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னான்:

"போறதுக்குள்ள பெட்ரா மூஞ்சிய ஒரு தடவை பாத்துடணும்."

வேறு எதையும் அவன் கேட்கவில்லை. லாரியை விட்டான். முதுகுவலி என்று ஊரில் சொல்லிக்கொண்டான். மகளிடமும் அதையேதான் சொன்னான். கண்ணைப் பற்றிச் சொல்லித் தொலையேன், அடுத்த விமானத்தில் வந்து நிற்பாளே என்றேன்.

"சொன்னா அவ வந்துதான் ஆகணும். அப்படி ஒண்ணும் வர வேணாம்."

சரி, நீயாவது போ என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டான். மே மாதம் இயேசு விண்ணுக்கு ஏறிய திருநாள், விண்ணேற்ற வியாழன், வருகிறது. வியாழன் விடுமுறை, வெள்ளிக்கிழமை இடுக்கில் மாட்டிக்கொண்ட நாள், யாரும் வேலைக்குப் போகமாட்டார்கள், பிறகு சனி, ஞாயிறு. சாலை மூடியிருப்பதால் எனக்கும் லாரி இல்லை. அவன் கண்ணாக நானும் கூடப் போவது என்று முடிவாயிற்று. என் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி காபியில் பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டுக்கொண்டு, அவன் மகளுக்குப் போன் செய்தான். நான் எதிரே இருந்தேன்.

என்ன சொன்னான் தெரியுமா? அந்த நாலு நாள் ஸ்டாக்ஹோம் பார்க்கலாம் என்றிருக்கிறோம், ஆர்னேயும் நானும், என்றான். ஸ்டாக்ஹோம் பார்க்க! அறுபது வயதுவரை அந்த ஊரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவன். உன்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. நீ அப்போது வீட்டில் இருப்பாயா என்று கேட்கவும் வரவில்லை, அது அவளை நெருக்குவது போலாகிவிடுமாம்.  ரொம்ப நல்லது, ஓட்டல் எல்லாம் வேண்டாம், எங்கள் வீட்டிலேயே தங்குங்கள் என்றாள் பெட்ரா. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, போனை வைத்த பிறகு காபியைத் தட்டில் ஊற்றி உறிஞ்சினான். கிழவிகள் குடிப்பதுபோல.

அதற்கப்புறம் மூன்று வாரம் எங்கள் அடுக்களை ஒரு பயண அலுவலகமாகிவிட்டது. பெட்ரா செய்தி மேல் செய்தி அனுப்பினாள். எந்தச் சுரங்க ரயில், எங்கே மாற வேண்டும், வறுத்த மத்தி எந்தத் தள்ளுவண்டியில் நன்றாக இருக்கும், கடலில் மூழ்கிக் கிடந்து பிறகு மேலே எடுத்த பழைய கப்பலைப் பார்க்கக் காலையிலேயே போய்விடுங்கள், இல்லாவிட்டால் கூட்டம். எழுத்து அவன் கண்ணுக்குப் பிடிபடாது என்பதால் ஒவ்வொன்றையும் நான்தான் வாசித்தேன். எல்லாம் அவ்வளவு அக்கறை. ஆனால் எதிலும் 'நாம்' என்று ஒரு சொல் இல்லை. இரண்டாவது செய்தியிலேயே அது எனக்கு உறுத்தியது. அவனுக்கு உறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை படகில் போனால் பெட்ரா எந்தப் பக்கம் உட்காருவாள், வெளிச்சம் அவள் மேல் எப்படி விழும் என்று யோசித்துக்கொண்டிருந்தான். வெயில் நேரே அடித்தால் அவனுக்கு இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரியும்.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது கடைசிச் செய்தி வந்தது. அதை வாசிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்தினேன்.

"என்ன?" என்றான்.

எதையாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை. வாசித்தேன். வாசல் கதவின் எண் இது, படுக்கை விரிப்பெல்லாம் துவைத்துப் போட்டிருக்கிறேன், குளிர்பெட்டியில் சாப்பாடு இருக்கிறது. நாங்கள் புதன்கிழமை மாலையே ஃபிலிப்பின் அப்பா அம்மா வைத்திருக்கும் தீவு வீட்டுக்குப் போகிறோம், படகைத் தண்ணீரில் இறக்க வேண்டும், வீடு உங்களுக்குத்தான், நிம்மதியாக ஊரைப் பாருங்கள்.

ஸ்டாக்ஹோம்காரர்கள் விண்ணேற்ற வார இறுதியில் ஊரில் இருக்கமாட்டார்கள். எல்லோரும் தீவுக்கு ஓடிவிடுவார்கள், கோடை வீட்டைத் திறந்து வர்ணம் அடிக்க. பட்டிக்காட்டுக்காரன் நகரத்துக்குக் கிளம்புகிற நாளில் நகரம் பட்டிக்காட்டுக்குக் கிளம்பிவிடுகிறது. இது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். இருந்தும் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் 'ஆமாம்' என்று சொல்ல மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுப்போம், அவ்வளவுதான் பதில். ஹோல்கெர் அப்படி ஒருமுறை இழுத்தான்.

"நல்ல பொண்ணு. விரிப்பெல்லாம் துவைச்சு வெச்சிருக்கா."

எனக்கு வந்த அழுகையைக் கோபமாக மாற்றிக்கொண்டேன். போனைக் கொடு, நான் பேசுகிறேன் என்று கத்தினேன். அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவர்கள் திட்டத்தைக் கெடுக்கக் கூடாதாம். அவள் இவ்வளவு மெனக்கெட்ட பிறகு போகாமல் இருப்பதும் மரியாதையில்லையாம். ஆகவே, யாருமில்லாத வீட்டுக்கு விருந்தாளியாகப் போனோம். எல்க் மான் இறைச்சியை உறையவைத்து, செய்தித்தாளில் சுற்றி, மகளுக்கென்று மடியில் வைத்துக்கொண்டு வந்தான். கடற்கரைவரை பேருந்து, அங்கிருந்து ரயில்.

வீடு சின்னது, சுத்தமாக இருந்தது. நடைவழிச் சுவரில் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. ஹோல்கெர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் போய் நின்றான். எங்கள் நாட்டில் சப்பாத்தோடு வீட்டுக்குள் நடப்பவன் ஒன்று போலீஸ்காரன், இல்லை பைத்தியக்காரன். கோழி பார்ப்பதுபோல் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்தான். விளக்கைப் போட்டேன். படத்தின் கண்ணாடியில் வெளிச்சம் பட்டு இன்னும் மோசமாயிற்று.

"என்ன மாதிரி உடுப்பு?"

மஞ்சள் என்றேன். தலைமுடி நீளமாக, தோளில் விழுந்திருக்கிறது. கையில் பூச்செண்டு. மாப்பிள்ளை கொஞ்சம் குள்ளம்.

"மூஞ்சி?"

மர லாரி ஓட்டுகிறவனிடம் முகத்தை விவரிக்கச் சொன்னால் எப்படி? சிரிக்கிறாள் என்றேன். வேறு யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள், படத்துக்கு வெளியே. அவன் மூச்சை உள்ளே இழுத்தான். பிறகு சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தான்.

ஊர் பார்த்தோம். பார்க்காமல் விட முடியுமா, அவள் அவ்வளவு எழுதியிருந்தாளே. கப்பல் பார்த்தோம், கப்பல் பெரியது, ஓரக்கண்ணிலும் தெரிந்தது. படகில் போனோம். தெருக்கள் காலியாகக் கிடந்தன, பாதிக் கடைகள் மூடியிருந்தன. சனிக்கிழமை பெட்ரா போன் செய்தாள். ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பெரிதாக இருக்கிறது என்றான். நாளை ரயில் எத்தனை மணிக்கு என்றாள். மதியம் என்றான். நாங்கள் சாயங்காலம்தான் வருவோம் என்றாள். பரவாயில்லை என்றான். சரி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடைமேடையில் நின்றிருந்தோம். ரயில் வந்து நின்று, ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். "அப்பா" என்று சத்தம் கேட்டது. பெட்ரா ஓடி வந்தாள். முகமெல்லாம் வெயில்பட்டுச் சிவந்திருந்தது, கையில் நீல வர்ணம் காயாமல் இருந்தது. புருஷனைத் தீவிலேயே விட்டுவிட்டு முதல் படகைப் பிடித்துத் தனியாக வந்திருக்கிறாள்.  இப்போதாவது பார்த்துவிடுவான் என்று நினைத்தேன்.

நடு போனவன் நேரே பார்த்தால் எதுவும் தெரியாது. ஓரமாகப் பார்த்தால்தான் ஏதாவது பிடிபடும். அதனால் ஹோல்கெர் எதிரில் நிற்பவரின் காதுக்குப் பக்கத்தில் பார்வையை வைக்கப் பழகியிருந்தான். எங்கள் ஊரில் யாரும் யாரையும் கண்ணுக்குக் கண் பார்ப்பதில்லை, ஆகவே ஒருவரும் கவனிக்கவில்லை. பெட்ரா கவனித்தாள். அவன் அவள் தோளுக்கு மேலே பார்த்தான், பிறகு இடது காதுக்கு அப்பால், பிறகு தலைக்கு மேல். தேடினான், பாவி. எனக்குத் தெரியும் அவன் தேடுகிறான் என்று. நிலையத்துக்குள் இருட்டு வேறு.

அவள் ஓடிவந்த மூச்சு மெதுவாக அடங்கியது. சிரிப்பும் அதோடு போயிற்று.

"ஃபிலிப்ப உனக்குப் பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லிடுப்பா. அதனாலதான கல்யாணத்துக்கு வரல? ஊரப் பாக்கறேன்னு வந்து என் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேங்கற."

நான் வாயைத் திறந்தேன். ஹோல்கெர் என் கையைப் பிடித்தான். அந்தப் பிடி இன்னும் வலிக்கிறது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ரயில் கிளம்பிடுமோன்னு பாத்துக்கிட்டிருந்தேன். கறி கொண்டுவந்தேன், குளிர்பெட்டில வெச்சிருக்கேன்."

நன்றி என்றாள் அவள். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், எங்கள் ஆட்கள் கட்டிக்கொள்கிற மாதிரி, முதுகில் இரண்டு தட்டு. பிறகு நாங்கள் ஏறினோம்.

இருக்கையில் உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன். மடையா, ஒரு வார்த்தை, கண் தெரியவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமே என்றேன். இன்னும் நேரமிருக்கிறது, இறங்கிச் சொல் என்றேன்.

"சொன்னா இந்த நாலு நாளையும் நெனச்சு நெனச்சு சாவா. இருந்திருக்கலாமேன்னு. கோவம்னா ஆறிடும் ஆர்னே."

ரயில் நகர்ந்தது. சன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் முகத்தைக் கண்ணாடியில் வைத்து வெளியே பார்த்தான், அங்கே நடைமேடை முழுக்க ஆட்கள்.

"முடிய வெட்டிக்கிட்டா போல."

ஆமாம், குட்டையாக வெட்டியிருக்கிறாள் என்றேன்.

"நிக்கிறாளா இன்னும்?"

நிற்கிறாள் என்றேன். வர்ணம் பூசிய கையால் அவள் முகத்தைத் துடைத்துத் துடைத்து, கன்னமெல்லாம் நீலமாக்கிக்கொண்டு நின்றாள்.

"அழறாளா?"

"இல்ல" என்றேன். "கையாட்டறா."

ஹோல்கெர் கையைத் தூக்கி ஆட்டினான். அவள் நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக.